அதை நாங்கள் மழை என்று சொல்வதில்லை

கல்லுமலைத் தோட்டம்,
ஸ்பிரிங்வெளி, பதுளை.
8.9.2002

மரியாதைக்குரிய சம்மந்தி செல்வரத்தினம் ஐயாவுக்கு, அங்கமுத்து சொல்லச் சொல்ல பதுளைப் பஜார்க் கடை ஸலீம் எழுதுவது. இங்கே நான், பேச்சாயி, ரெண்டு ஆடு எல்லோரும் சுகம். அங்கே நீங்கள், சம்மந்தியம்மா, மருமகன் கேதீஸ்வரன், என் மகள் விஜயலெட்சுமி, அவள் வயிற்றுக்குள் இருக்கிற ஆள், எல்லோர் சுகத்தையும் அறிய ஆசை.

உங்கள் கடிதத்தை ஸலீம் ரெண்டு தடவை வாசித்துக் காட்டினான். போதும், மனசில் ஏறிவிட்டது என்றேன். யாழ்ப்பாணத்து வெயிலில் முற்றத்தில் போட்ட மிளகாய் ஒரே பகலில் காய்ந்துவிடுகிறது என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். மிளகாய் மட்டுமா ஐயா, ஆளும்தான் காய்ந்துபோகிறான். உங்கள் ஊர்க்காரர் சிரிக்க யோசிப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது. சிரித்தால் உதடு வெடித்துவிடும்.

இங்கே காற்றுக்காலம் முடிந்தது. கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்த்தது; மேலே கல்லை வைத்துவிட்டேன். இனி ஐப்பசியில் மழை பிடிக்கும். அங்கே நாலு துளி விழுந்தால் ஊரே குடையை விரித்துக்கொண்டு 'மழை, மழை' என்று சொல்லுமாம், மகள் எழுதியிருந்தாள். இங்கே வாரக்கணக்கில் ஊற்றினாலும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவோம். அதை நாங்கள் மழை என்று சொல்வதில்லை. 'கொஞ்சம் ஈரமா இருக்கு' என்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு பிறக்கிறது. தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். நானும் பேச்சாயியும் வளையலும் பலகாரமுமாக வந்து கூட்டிவருவோம். பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் பிறக்கட்டும். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியும்வரை தாயும் பிள்ளையும் தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில்தான் இருக்க வேண்டும். சம்மந்தியம்மாவிடம் சொல்லுங்கள், சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன். நடுவில் பலகைத் தடுப்பும் போடப்போகிறேன்.

"வெள்ளை அடிச்சதையெல்லாமா எழுதுறது?" என்று ஸலீம் கேட்கிறான். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்றேன்.

மகளைக் குளிர்ந்த தண்ணீரில் தலை முழுக வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
அங்கமுத்து


இணுவில்,
யாழ்ப்பாணம்.
25.9.2002

அன்புக்குரிய சம்பந்தியாருக்கு,

என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துடன் ஆடுகளின் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உதடு வெடிக்கும் கதையை வாசித்துச் சிரித்தேன், வெடிக்கவில்லை. நான் ஒரு காலத்தில் பண்டாரவளையில் மூன்று வருடம் கிளாக்கராக இருந்தவன் என்பதை மறந்துவிட்டுக் கதைக்கிறீர்கள். சப்பாத்துக்குள் கால்மேசில் குடியிருந்த அட்டைகளுக்கு நான்தான் வாடகையும் கட்டினேன், இரத்தமாக. விடிந்தால் பனிமூட்டத்தில் பக்கத்து வீட்டைக் காணமுடியாது. உங்கள் ஆட்கள் உரத்துப் பேசுவது அதனால்தான். முகம் தெரியாத இடத்தில் சத்தம் போட்டால்தானே ஆள் இருக்கிறது என்று தெரியும். அதுபோக, தேயிலை விளைகிற இடத்திலேயே இருந்துகொண்டு தூள் கழிவைக் குடிக்கிறீர்கள். நல்லது கப்பலேறிப் போகிறது. எங்கள் ஆட்களாக இருந்தால் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு கழிவைத்தான் கப்பலேற்றியிருப்போம். கஞ்சர் என்பீர்கள். சொல்லுங்கள், பழகிவிட்டது.

விஜயலெட்சுமி நல்ல பிள்ளை. காலையில் கிணற்றடியில் நிற்பாள், பின்னேரம் முருங்கை மரத்தடியில் நிற்பாள். முருங்கையோடு ஏதோ கதைக்கிறாள் போலும். கேதீஸ்வரன் கச்சேரிக் கந்தோர் வேலை முடிந்து வர இருட்டிவிடும். நான் பத்திரிகையும் கையுமாக இருப்பவன். உங்கள் சம்பந்தியம்மா யோகமலர் யோகமலராகவே இருக்கிறா. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குத் தாயின் கை பக்கத்தில் இருக்க வேண்டும். கார்த்திகைக்குக் காத்திராமல் கொஞ்சம் முந்தி வந்து கூட்டிப்போனாலும் எனக்கு மறுப்பில்லை.

வெள்ளை அடித்த செய்தியை யோகமலருக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணத்தன்று அவ சொன்னதை நீங்கள் இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவவின் வாய் அப்படி. மறந்துவிடுங்கள்.

டெலிபோனில் கதைத்தால் என்ன என்று கேதீஸ் கேட்கிறான். போனமுறை ஸலீம் கடைக்கு எடுத்தபோது நீங்கள் "சுகமா, சுகமா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதற்குள் லைன் போய்விட்டது. கடிதமே நல்லது.

அன்புடன்,
செ. செல்வரத்தினம்


கல்லுமலைத் தோட்டம்.
16.10.2002

சம்மந்தி ஐயாவுக்கு அங்கமுத்து சொல்லி எழுதுவது. நாங்களும் ஆடுகளும் சுகம். விசாரித்ததைச் சொன்னேன், கறுப்பு ஆடு தலையை ஆட்டியது.

மறந்துவிடச் சொல்கிறீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் கடதாசியில் போட்டுவிட்டு மறக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை ஐயா. பதுளைக் கோயில் மண்டபம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வருகிற நேரம். சம்மந்தியம்மா பச்சைப் பட்டு. பக்கத்தில் இருந்த தங்கச்சியிடம் சொன்னாங்க, "ஒற்றை அறையாம். உதுக்குள்ளை எத்தினை பேர் படுக்கிறது? பிள்ளைப்பேறும் அதுக்குள்ளையோ?" என் காதில் விழுந்தது. நான் போய், "ரூம்பு ஒண்ணுதாம்மா. ஆனா கதவ யாருக்கும் சாத்துனதில்ல" என்றேன். அவங்க வெற்றிலையை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எனக்குக் கோபமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாமா? அதற்குத்தான் வெள்ளையும் தடுப்பும்.

தடுப்புப் போட்டாயிற்று. உத்திரத்தில் தொட்டில் கயிறும் தொங்கவிட்டேன். "புள்ள பொறக்க முன்ன தொட்டில் கட்டுறது ஆகாது, அறிவிருக்கா?" என்று பேச்சாயி ஏசினாள். கயிறுதானே, சேலை இன்னும் கட்டவில்லையே என்றேன். அந்தக் கயிற்றுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பதே இப்போது எனக்கு வேலை.

ஈரம் தொடங்கிவிட்டது. சூரியனைக் கண்டு சில நாளாயிற்று. லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் செம்மண் கலந்து விழுகிறது. பேச்சாயி துணி கட்டி வடிக்கிறாள். நான் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு தடவை இப்படிச் செம்மண்ணாக வந்தது. அதை எழுதாதே என்று ஸலீமிடம் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை, எழுதிவிட்டான்.

கார்த்திகை பிறந்ததும் வருகிறோம். சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கம். மகளிடம் முருங்கையோடு கதைத்தது போதும், அம்மாவோடு கதைக்கலாம் என்று சொல்லவும்.

அங்கமுத்து


பதுளை.
6.11.2002

சம்மந்தி ஐயாவுக்கு, அங்கமுத்து. உங்கள் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். நானும் பேச்சாயியும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

தீபாவளி நன்றாகப் போனது. லயத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டோம். அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்கிறது.

ஒரு விஷயம். மகளை இப்போது கூட்டிவர வேண்டாம் என்று படுகிறது. இங்கே மழை கடுமை. பனியும் சேர்ந்துகொண்டது. அட்டை பற்றி உங்களுக்கே தெரியும். உங்கள் மகன் வேறு ஒல்லியான ஆள், இருக்கிற இரத்தமும் போய்விடும். ரோட்டு வளைவுகளில் பஸ் குலுக்குகிற குலுக்குக்கு நல்ல ஆளுக்கே வயிறு கலங்கும். உங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும் என்று சொல்வார்கள். அங்கேயே இருக்கட்டும். பிள்ளை பிறந்து, வெயில் வந்த பிறகு, தை கழிந்து பார்க்கலாம்.

இனி கடிதங்களை ஸலீம் கடை விலாசத்துக்கே போடுங்கள். தோட்டத்து ஒபிசில் நனைந்துபோகிறது.

வளையல் வாங்கி வைத்திருக்கிறாள் பேச்சாயி. அது பத்திரமாக இருக்கிறது.

அங்கமுத்து


இணுவில்.
18.11.2002

சம்பந்தியாருக்கு,

நாங்கள் சுகம். சுகம் என்று எழுதி முடிக்க முன்னரே கேட்க வேண்டியதாக இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது?

இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். வாரக்கணக்கில் ஊற்றினாலும் அதை மழை என்று சொல்வதில்லை என்றார். இப்போது அதே ஆள் அட்டைக்கும் பனிக்கும் பஸ் வளைவுக்கும் பயப்படுகிறார். கடிதத்தை விஜயலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். வாங்கித் தானும் வாசித்தாள். பிறகு கேட்டாள், "மாமா, எங்க அப்பா மழைக்குப் பயந்து நான் பாத்ததே இல்ல. யாருக்கு என்ன ஆச்சு?" அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுகிறாள்.

நீங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கதை காற்றைவிட வேகம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டார் வந்து கூப்பிடவில்லை என்றால், கேட்பவர்கள் உங்களைக் கேட்கமாட்டார்கள், அந்தப் பிள்ளையைத்தான் கேட்பார்கள். யோகமலரின் தங்கை போன கிழமையே வந்து கேட்டுவிட்டா. "நான் அப்பவே சொன்னனான்" என்று யோகமலர் சொன்னா. விஜயலெட்சுமி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவள், கேட்டிருப்பாள்.

அந்தப் பழைய சொல்லுக்காகத்தான் மனம் மாறினீர்கள் என்றால், நான் அவவுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். வசதி போதாது என்று தயங்கினால், அதை என்னிடம் சொல்வதில் என்ன வெட்கம்? வேறு ஏதும் என்றால் அதையாவது எழுதுங்கள்.

ஆடுகளின் சுகத்தை நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறவர். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மாத முடிவுக்குள் உங்கள் பதில் வராவிட்டால் நான் கேதீஸுடன் அவளை அனுப்பிவிடுவேன். அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

செ. செல்வரத்தினம்


ஸலீம் ஸ்டோர்ஸ்,
பஜார் வீதி, பதுளை.
27.11.2002

சம்மந்தி ஐயாவுக்கு, அங்கமுத்து. நாங்கள் சுகம். ஆடு ரெண்டும் சுகம், மேல் டிவிசனில் மச்சான் வீட்டில் கட்டியிருக்கிறது, அங்கே புல் அதிகம்.

உங்கள் கடிதத்தை ஸலீம் வாசித்தான். ஒரு தடவைதான் வாசிக்கச் சொன்னேன்.

ஐயா, கேட்டுக்கொள்கிறேன். மகளை அனுப்ப வேண்டாம். சம்மந்தியம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வசதியும் இருக்கிறது. மழைதான். வேறு ஒன்றுமில்லை. மகளிடம், அப்பா நன்றாக இருக்கிறார், அம்மாவும் நன்றாக இருக்கிறாள், சாப்பிடச் சொல்லவும். ஊரார் ஏதாவது சொன்னால், அங்கமுத்துவுக்குக் காலில் அடிபட்டுவிட்டது, நடக்க முடியாது என்று சொல்லுங்கள். காலுக்கு ஒன்றும் இல்லை. சொல்வதற்கு ஒரு காரணம்.

அனுப்பாதீர்கள்.

அங்கமுத்து

செல்வரத்தினம் ஐயா அவர்களுக்கு, இதற்குக் கீழே உள்ளது ஸலீமாகிய நான் எழுதுவது. அவருக்கு வாசித்துக் காட்டமாட்டேன். கடை வைத்த நாளிலிருந்து அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வந்திருக்கிறேன். இன்று முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தின கிழமை அவர்களுடைய லயத்துக்கு மேலே மலையில் நிலம் வெடித்துப் பிளந்திருக்கிறது. வீட்டுச் சுவர்களும் பிளந்துவிட்டன. மலை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. லயத்து ஆட்களையெல்லாம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் உங்கள் மருமகள் ஆசிரியையாகப் படிப்பித்த அதே வகுப்பறையில்தான் அவருடைய தாயும் தகப்பனும் படுக்கிறார்கள். பாய்க்குப் பாய் இடைவெளி இல்லை. நான் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மற்றவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார்.

இதை எழுதலாமே என்று கேட்டேன். "ஒத்த ரூம்புல எப்பிடிம்பாங்கன்னு வெள்ளையடிச்சேன். இப்ப அந்த ஒத்த ரூம்பும் இல்லன்னு எப்பிடி ஸலீம் எழுதச் சொல்றது?" என்றார்.

என் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. என் மனைவி றஷீனா சொல்லச் சொன்னார்.

ஸலீம்


இணுவில்.
29.11.2002

சம்பந்தியாருக்கு,

மாதமும் முடிகிறது, உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நாளை விடிய பஸ்ஸில் விஜயலெட்சுமியை அனுப்புகிறேன். வவுனியாவிலும் கண்டியிலும் தங்கி மெதுவாக வருவார்கள். கேதீஸ் கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்புவான்.

இன்னொன்று. யோகமலரும் வருகிறா. காலையில் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "நானும் போய்ப் பாக்கிறன் உந்த வீட்டை" என்றா. எதற்கு என்று கேட்டேன். "பாக்கத்தான்" என்றா. நல்லதற்கா வேறெதற்கா என்று முப்பது வருடம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை. உங்களை எச்சரிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன் அவவே வந்துவிடுவா என்பதும் தெரியும்.

செல்வரத்தினம்


இணுவில்.
7.12.2002

தம்பி ஸலீம் அவர்களுக்கும் சம்பந்தியாருக்கும்,

உங்கள் கடிதம் அவர்கள் புறப்பட்டுப்போன பிறகுதான் வந்தது. படலையடியில் நின்றபடியே வாசித்தேன். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டேன், ஏன் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன ஐயா என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

போய்ச் சேர்ந்தார்களா? யாராவது ஒரு வரி எழுதுங்கள். சந்திக்குப் போய் உங்கள் கடைக்கு டெலிபோன் எடுக்கிறேன். மணி அடிக்கிற சத்தமே வரவில்லை. பதுளைப் பக்கம் கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்கிறார்கள். நேற்று ரேடியோவில் ஊவா மாகாணத்தில் பல இடங்களில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். இடத்தின் பெயர் சொல்லும்போது பக்கத்து வீட்டில் கோழி கத்தியது, எனக்குக் கேட்கவில்லை. அடுத்த செய்தியில் அதைச் சொல்லவில்லை.

சம்பந்தி, நீங்கள் செம்மண் தண்ணீர் வருகிறது என்று எழுதினீர்கள். அதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு யோகமலருக்கு, பாருங்கோ, மலைநாட்டாரின் குடிதண்ணீரே தேத்தண்ணி நிறம் என்று பகிடி சொன்னேன்.

இங்கே இன்று நல்ல வெயில். மிளகாய் காய்கிறது. முற்றத்தில் போட்டது நான்தான், எடுத்து வைக்க ஆளில்லை.

ஒரு வரி போதும்.

செல்வரத்தினம்


ஸலீம் வீடு,
பதுளை.
7.12.2002

இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டுப் பழகிய எனக்குக் கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. இதுதான் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ.

இங்கு வந்து இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போனோம். மழை. பாதை வழுக்கியது. "மாமி, இந்தக் கல்லுல கால வைங்க, அதுல வேணாம்" என்று விஜயலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இவ்வளவு நாளும் ஒரு வீட்டில் இருந்தும் அவளுடைய கையை நான் பிடித்ததில்லை. சூடாக இருந்தது.

லயத்தில் ஒருவரும் இல்லை. சம்பந்தி வீட்டுக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. உள்ளே போனோம். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு, சீவிய பலகை, ஓர் ஆணி வெளியே தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் போட இடம் விட்டிருந்தது. மேலே தொட்டில் கயிறு. பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு, என் கை உள்ளே போனது. அதுக்குள்ளால் செம்மண் தண்ணீர் வடிந்து வெள்ளைச் சுவரில் இறங்கியிருந்தது. விஜயலெட்சுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேதீஸ்தான் எங்களை வெளியே இழுத்துவந்தான்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கீழே இருந்தார்கள். மகளைக் கண்டதும் பேச்சாயி அழுதா. அங்கமுத்து அண்ணை எழும்பி, துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி, "வாங்கம்மா. ரூம்ப காட்டலாம்னு இருந்தேன்" என்றார்.

"பாத்திட்டு வாறன் அண்ணை. நல்லாய் வெள்ளை அடிச்சிருக்கிறியள்" என்றேன். அவர் வெளியே போய்ப் பீலியடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

விஜயலெட்சுமியை நானும் றஷீனாவும் இங்கே மேல்மாடி அறைக்குக் கொண்டுவந்தோம். பேச்சாயியும் வந்தா. அவர் வரமாட்டேன் என்று பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்.

நேற்று முன்தினம் காலையில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தோம். அவரைக் காணோம். ஆடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய லயத்துக்கே போய்விட்டனவாம், பிடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். விஜயலெட்சுமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம். இடி என்று நினைத்தேன். இடி இவ்வளவு நேரம் நீடிக்காது. மலையின் பக்கம் மரங்கள் நின்றபடியே கீழே நகர்ந்தன. லயம் இருந்த இடத்தில் புகைபோல எழுந்தது, பிறகு மண் மட்டும் தெரிந்தது. எல்லோரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், அந்தப் பச்சைப் பட்டு உடுத்த நாளைத் திருப்பித் தாருங்கோ என்று கேட்டேன்.

அவர் வந்தார். இடுப்புவரை சேறு. தோளில் கறுப்பு ஆடு. மற்றது வரவில்லை.

"ஒண்ணுதாம்மா கெடச்சிச்சு" என்று என்னிடம்தான் சொன்னார்.

அன்று பின்னேரமே அவரையும் இங்கே இழுத்துவந்துவிட்டேன். "இனியும் என்னைக் கெஞ்ச விடுறியளோ அண்ணை?" என்று கேட்டேன், வந்தார். ஒற்றை அறை. நானும் விஜயலெட்சுமியும் பேச்சாயியும் உள்ளே, அவர் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுக்கொண்டு, கேதீஸ் கீழே கடைக்குள். உதுக்குள்ளை எத்தினை பேர் படுக்கிறது என்று நான் கேட்டதை அவர் மறக்கவில்லையாம். எனக்கும் மறக்கவில்லை.

கேதீஸ் நாளை திரும்புகிறான். நான் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழியும்வரை இங்கேதான். அலுமாரி மேல்தட்டில் இரண்டு சுவெட்டர் இருக்கிறது, பார்சல் பண்ணுங்கோ. மிளகாயை மழைக்கு முன் எடுத்து வையுங்கோ.

யோகமலர்


ஸலீம் வீடு,
பதுளை.
26.1.2003

சம்மந்தி ஐயாவுக்கு அங்கமுத்து சொல்லி எழுதுவது. எழுதுகிற கை ஸலீமுடையது இல்லை என்று பார்த்ததும் கண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாமல் எழுதிய குற்றத்துக்கு ஸலீமோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். கடிதம் எழுத ஆள் இல்லாமல்போனது. உங்கள் வீட்டம்மா, "தாங்கோ, நான் எழுதிறன்" என்று பேனாவை எடுத்துக்கிட்டாங்க. இப்போது ஸலீமோடும் பேசுகிறேன். ஆனால் பேனா இவங்க கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இங்கே நான், பேச்சாயி, விஜயலெட்சுமி, பிறந்து பன்னிரண்டு நாளான உங்கள் பேத்தி, உங்கள் வீட்டம்மா, கறுப்பு ஆடு, எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் மருமகனும் முழங்காலும் சுகமா?

பேத்தி உங்கள் ஊர் ஜாதி. சிரிக்க ரொம்ப யோசிக்கிறாள். குரல் மட்டும் எங்கள் பக்கம். அழுதால் பஜார் முழுக்கக் கேட்கிறது. உங்கள் வீட்டம்மா ரெண்டு சுவெட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே பேச்சாயியின் கம்பளியையும் போர்த்திக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குறாங்க. பிள்ளை எது, கம்பளி எது என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. (இந்த வரியை எழுத மாட்டன் எண்டனான். எழுதாவிட்டால் ஸலீமைக் கூப்பிடுவாராம். யோ.)

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதால் லயத்து ஆட்களை விளையாட்டு மைதானத்தில் தறப்பாள் கூடாரத்தில் வைத்திருக்கிறார்கள். இடம் தருவோம் என்று ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். எப்போது என்று சொல்லவில்லை. அளந்த இடத்துக்கு மேலேயும் மலைதான் இருக்கிறது. முப்பத்தொன்று கழிந்ததும் நானும் பேச்சாயியும் அந்த ஆட்களோடுதான் போய் இருக்க வேண்டும். உங்கள் வீட்டம்மா இணுவிலுக்கு வாங்கோ என்று தினமும் கேட்குறாங்க. வெயிலில் காய நான் மிளகாயா என்று கேட்டேன். சிரிச்சாங்க. உதடு வெடிக்கவில்லை. போகலாமா என்று பேச்சாயி என் முகத்தைப் பார்க்கிறாள்.

தொட்டில் கயிறு மலையோடு போய்விட்டது. றஷீனா புதுக் கயிறு வாங்கி இந்த உத்திரத்தில் கட்டிக் கொடுத்தார். சேலை உங்கள் வீட்டம்மாவுடையது. பச்சை.

நேற்றுப் பின்னேரத்தில் பிடித்தது இன்னும் விடவில்லை. இதை எழுதிக்கொண்டிருந்தவங்க பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு நின்னாங்க. கூடாரங்கள் இருக்கிற பக்கம். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த பேச்சாயியும் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"என்ன அண்ணை, உங்கட ஊரிலை இதுக்கு என்ன பேர்? கொஞ்சம் ஈரமோ?" என்று கேட்டாங்க.

நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று அந்தக் கூடாரங்களைப் பார்த்தேன்.

"மழைம்மா. மழைன்னே எழுதுங்க."

அங்கமுத்து